கூண்டுக்குள் ரத்தம் தெரிந்தால்: பறவை வளர்ப்பவர்களுக்கு ஒரு முதலுதவி விளக்கம்

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். துணி போர்த்தி வைத்திருந்த கூண்டுக்குள் படபடவென்று சிறகடிக்கும் சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், எங்கள் காக்டீல் (கொண்டையுள்ள சிறிய கிளி இனம்) கூண்டின் தரையில் கொண்டையை நட்டுக்கொண்டு நிற்கிறது. வாய் திறந்து மூச்சு வாங்குகிறது. கம்பிகளில் சிவப்புத் தெறிப்பு. தரையில் விரித்த வெள்ளைத்தாளெங்கும் புள்ளிகள். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்த ஒரு துளி, கிண்ணத்தையே இளஞ்சிவப்பாக்கியிருந்தது. இனி இது பிழைக்காது என்றே நினைத்தேன்.

மறுநாள் அந்தத் தாளை ஆற அமரப் பார்த்தபோதுதான் புரிந்தது, மொத்தமே ஏழெட்டுத் துளிதான் இருக்கும். சிறகை அடிக்கும்போது ஒரே துளி பத்துப் புள்ளிகளாகச் சிதறிவிடும். வெள்ளைத்தாளில் அது போர்க்களம் போலத் தெரியும். ஆனால் அதே ஏழெட்டுத் துளி நம்மில் பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சின்ன பட்ஜிக்குப் போயிருந்தால் கதை வேறு. அதனால் கூண்டில் சிவப்பைக் கண்டதும் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: ரத்தம் எங்கிருந்து வருகிறது? இன்னமும் வந்துகொண்டிருக்கிறதா?

எவ்வளவு போனால் அதிகம்?

பறவையின் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ரத்தம். 100 கிராம் பறவை என்றால் 10 மில்லி. பட்ஜி 35 கிராம் இருந்தால், அதன் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே மூன்றரை மில்லிதான். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. 90 கிராம் காக்டீலுக்கு 9 மில்லி. 450 கிராம் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 45 மில்லி.

ஆரோக்கியமான பறவை தன் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது உடல் எடையில் 1 சதவீதம் போனாலும் சமாளித்துவிடும். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் மருத்துவர்கள் பொதுவாகத் தாண்டாத அளவும் இதுதான். ஒரு மில்லிக்குச் சுமார் 20 துளி என்று வைத்துக்கொண்டால், பட்ஜிக்கு ஏழு துளி, காக்டீலுக்குப் பதினெட்டுத் துளி. எட்டாவது துளியில் பட்ஜி செத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. மருத்துவருக்குப் போன் போட வேண்டிய இடம் அது, அவ்வளவுதான். பறவைகள் ரத்த இழப்பைத் தாங்குவதில் கெட்டி. திசுக்களில் உள்ள நீரை ரத்தக்குழாய்க்குள் வேகமாக இழுத்துக் குறைந்ததை ஈடுகட்டிக்கொள்ளும். சிவப்பணுக்களும் சீக்கிரம் ஊறும். மனிதச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது, பறவையுடையது ஒன்று, ஒன்றரை மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. அதனால் எலும்பு மஜ்ஜையில் புது அணுக்கள் தயாராகும் வேலை எப்போதுமே மும்முரம்தான். ஏற்கெனவே நோய்ப்பட்ட, மெலிந்த பறவைக்கு மட்டும் இந்தத் தெம்பை எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கணக்கெல்லாம் உதவ வேண்டுமானால் உங்கள் பறவையின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். நல்ல நாளிலேயே எடை பார்த்துக் கூண்டின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது.

பிடிப்பதில்தான் பாதி வேலை

காயத்தைத் தேட வேண்டுமானால் பறவையைக் கையில் எடுத்தாக வேண்டும். பலர் தவறு செய்யும் இடம் இது. நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் உதரவிதானம் என்ற தசைத்திரை இருக்கிறது, பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் அது மூச்சு விடுகிறது. பயத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், ரத்தம் போய்ச் சாக வேண்டிய அவசியமே இல்லை. மூச்சு முட்டிப் போய்விடும். பிடி தலையில் இருக்க வேண்டும், நெஞ்சில் இருக்கக் கூடாது. கட்டைவிரலும் நடுவிரலும் தாடையின் இருபுறமும் வரும்படி தலையைப் பின்பக்கமிருந்து பிடியுங்கள். உடம்பை மெல்லிய துண்டில் தளர்வாகச் சுற்றுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். துண்டு வெள்ளையாக இருந்தால் நல்லது, ரத்தம் நின்றதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

அறைக்கதவு, ஜன்னல், மின்விசிறி இம்மூன்றையும் முதலில் கவனியுங்கள். வேறு பறவைகள் அதே கூண்டில் இருந்தால் காயம்பட்டதை உடனே தனியாக எடுங்கள். சிவப்பைக் கண்டால் கொத்திப் பார்க்கும் பழக்கம் பறவைகளுக்கு உண்டு. பிறகு நல்ல வெளிச்சத்தில் வரிசையாகப் பாருங்கள்: நகங்கள், கால்விரல்கள், அலகு, வாய்க்குள், ஒவ்வொரு சிறகையும் விரித்து அடிப்பக்கம், வால், எச்சம் வரும் துவாரம். ரத்தம் தெறித்திருக்கும் இடத்தை வைத்துக் காயத்தை ஊகிக்காதீர்கள். விரலில் அடிபட்ட பறவை அந்த விரலாலேயே தலையைச் சொறிந்து, முகமெல்லாம் ரத்தமாக நிற்கும்.

இரத்த இறகு: தண்டு அல்ல, குழாய்

எங்கள் காக்டீலின் இடச்சிறகை விரித்தபோது, வரிசையாக இருந்த வெளிர்சாம்பல் இறகுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. தண்டின் அடிப்பகுதி கருநீலமாக, கொஞ்சம் தடித்து, பேனாவுக்குள் மை நிற்பதுபோல இருந்தது. பாதி வழியில் அது மடங்கி ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் ஒரு ரத்த மணி திரண்டு, உதிர்ந்து, மறுபடி திரண்டது.

பறவை வளர்ப்பவர்கள் பிளட் ஃபெதர் என்று சொல்வது இதைத்தான். உதிர்ந்த இறகுக்குப் பதில் புதிது முளைக்கும்போது, அதற்கு உணவு கொண்டுபோக தண்டுக்குள்ளேயே ரத்தக்குழாய் ஓடும். மேலே ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். இறகு முழுதாக வளர்ந்ததும் ரத்தம் அடியை நோக்கிப் பின்வாங்கிவிடும், தண்டு வெளுத்துக் காய்ந்து உள்ளே வெற்றாகிவிடும். நம் முடியையும் நகத்தையும்போல அப்புறம் அது உயிரற்ற பொருள். முதிர்ந்த இறகு ஒடிந்தால் ஒரு சொட்டுகூட வராததும் வளரும் இறகு ஒடிந்தால் நிற்காமல் வருவதும் இதனால்தான். பானத்தில் போட்ட உறிஞ்சுகுழல்போல, ஒடிந்த தண்டு உள்ளிருக்கும் ரத்தத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

பறப்பதற்கான சிறகு இறகுகளிலும் வால் இறகுகளிலும்தான் இந்த ஆபத்து அதிகம், அவற்றின் தண்டு பெரியது. சிறகு வெட்டிவிட்ட பறவைகளுக்குக் கூடுதல் சிக்கல்: புதிதாக முளைக்கும் மென்மையான தண்டுக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுக்க முழு இறகுகள் இருக்காது. தனியே நீட்டிக்கொண்டிருப்பது எதிலாவது மோதி ஒடியும். அப்புறம் காக்டீல்கள். இருட்டில் ஒரு நிழல், ஒரு சத்தம், ஒரு பூச்சி, எதுவோ திடுக்கிட வைத்தால் கண்மண் தெரியாமல் சிறகடித்துக் கம்பியில் மோதும். எங்கள் வீட்டில் அன்றிரவு நடந்தது அதுதான். கூண்டருகே மங்கலான இரவு விளக்கு ஒன்று எரியவிட்டால் இது பெரிதும் குறையும். நாங்கள் அதற்குப் பிறகுதான் வாங்கினோம்.

சரி, ஒடிந்துவிட்டது. என்ன செய்வது? காஸ் துணியை மடித்து, ஒடிந்த இடத்தை இரண்டு விரலால் மென்மையாக, ஆனால் விடாமல் அழுத்துங்கள். கூடவே ஒடிந்த முனையில் சோள மாவோ சாதாரண மாவோ கொஞ்சம் அப்பலாம். அது ரத்தத்தை உறிஞ்சி உறைய உதவும். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உறைந்ததையும் சேர்த்துப் பிய்த்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை அழுத்த வேண்டும்.

நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். நின்றுவிட்டதா, நின்றுவிட்டதா என்று பத்து விநாடிக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருந்த மென்மையான உறைவு துணியோடு வந்துவிட்டது. கால்மணி நேரம் இப்படிப் போனது. கடைசியில் வீட்டில் ஒருவர் "கையை எடுக்காதே" என்று அதட்டி, கைப்பேசியில் ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் நின்றது.

இரத்த இறகு ஒடிந்தால் உடனே வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. நான் இதை ஏற்க மாட்டேன். சிறகின் பெரிய இறகுகள் வெறும் தோலில் நிற்பவை அல்ல. அவற்றின் வேர் எலும்பின் மேலுறை வரை போய்ப் பிடித்திருக்கும். பிடுங்குவது பறவைக்குக் கடும் வலி. தவறான கோணத்தில் இழுத்தால் எலும்பு முறியலாம், தோல் கிழியலாம், இறகு முளைக்கும் குழி சேதமாகி அடுத்த இறகு கோணலாக வரலாம். பிடுங்கிய குழியிலிருந்தும் ரத்தம் வரும், அதையும் அழுத்தி நிறுத்த வேண்டும். அழுத்தி நின்றுவிட்டால் அப்படியே விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்காக அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது திரும்பத் திரும்பத் தொடங்குகிறது என்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிடுங்குவது அவசியமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். வலி தெரியாமல் செய்யும் வசதியும் அவரிடம்தான் இருக்கிறது. போகும் வழியெல்லாம் அழுத்திப் பிடித்துக்கொண்டே போங்கள்.

நகமும் அலகும்

நகம் வெட்டும்போது கொஞ்சம் உள்ளே போய்விடுவது எல்லோர் வீட்டிலும் நடக்கும். நகத்துக்குள் ஒரு ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர்நிற நகத்தில் அது இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. கறுப்பு நகத்தை நுனியில் துளித்துளியாகத்தான் வெட்ட வேண்டும். ரத்தம் வந்தால், ரத்தத்தை உறைய வைக்கும் ஸ்டிப்டிக் பவுடரை நகத்தின் முனையில் வைத்து அழுத்துங்கள், பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். அது இல்லையென்றால் சோள மாவு போதும்.

ஸ்டிப்டிக் பவுடர் நகத்துக்கு மட்டும்தான். தோல் கிழிந்த காயத்திலோ இறகுக் குழியிலோ வாய்க்குள்ளோ போடக் கூடாது. எரியும், திசுவையும் அரிக்கும். நகத்தில் வைத்தாலும், பறவை உடனே அதை அலகால் நோண்டி விழுங்காமல் சில நிமிடம் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அலகின் நுனி சிறிதாகச் சிதைந்து கசிந்தால் மாவு வைத்து மென்மையாக அழுத்திப் பார்க்கலாம். மூக்குத்துளையை அடைத்துவிடாமல் கவனியுங்கள். அலகு பிளந்திருந்தால், ஆழமாக உடைந்திருந்தால் கைவைக்க வேண்டாம், அதன் உள்ளே உயிருள்ள எலும்பும் நரம்பும் இருக்கின்றன. நாக்கில் அடிபட்டால் நிறைய ரத்தம் போகும், பறவை அதை விழுங்கிக்கொண்டே இருப்பதால் எவ்வளவு போனது என்று வெளியே தெரியாது. அலகு பிளந்தாலும் நாக்கில் அடிபட்டாலும் நேரே மருத்துவர்தான்.

தோல் காயம், குறிப்பாகப் பூனை

பறவையின் தோல் மிக மெல்லியது. லேசான கீறல் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் கழுவி, காஸ் துணியால் அழுத்தினால் நின்றுவிடும். ஆழமான காயம், உள்ளே சதை தெரியும் காயம், நெஞ்செலும்பின் மேல் தோல் பிளந்த காயம் இவற்றுக்குத் தையல் தேவைப்படலாம். நெஞ்செலும்புக் காயம், சிறகை அளவுக்கு மீறி வெட்டிய பறவை பறக்க முயன்று கல்லாக விழும்போது வருவது. சாம்பல் கிளிகளிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ ரத்தத்தின் அளவைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரே ஒரு ஊசித்துளை, ஒரு துளி ரத்தம், அதுவும் நின்றுவிட்டது என்றாலும் அது அவசர நிலைதான். பூனையின் வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா பறவையின் ரத்தத்தில் பரவினால், ஓரிரு நாளில் முடித்துவிடும். சீக்கிரமே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். "நன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுப் பறவையை இழந்தவர்கள் ஏராளம்.

களிம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய்ப்பசையுள்ள எந்தக் களிம்பையும் தடவாதீர்கள். இறகுகள் ஒட்டிக்கொண்டால் உடல் சூட்டைக் காக்க முடியாமல் பறவை குளிரில் தவிக்கும், நக்கியும் விழுங்கும். மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த களிம்புகள் பறவைக்கு நஞ்சாகலாம். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்று நம் வீட்டில் இருக்கும் வலி மாத்திரைகளை நுனி கிள்ளிக்கூடக் கொடுக்கக் கூடாது. காலில் நூல் கட்டி ரத்தத்தை நிறுத்தும் யோசனையும் வேண்டாம், கட்டு இறுகினால் பாதமே போய்விடும்.

வெளியே காயமே இல்லை, ஆனால் ரத்தம்

அழுத்தி நிறுத்த முடியாத ரத்தம் ஒன்று உண்டு. எச்சத்தில் சிவப்பு, எச்சம் தாரைப்போலக் கறுப்பாக இருப்பது, துவாரத்தில் ரத்தம், மூக்கிலிருந்தோ வாயிலிருந்தோ கசிவு. இவை எல்லாம் உள்ளே எங்கோ நடப்பதன் அடையாளம். பெண் பறவைக்கு முட்டை சிக்கியிருக்கலாம், குடல் பகுதி வெளியே தள்ளியிருக்கலாம். ஈயம், துத்தநாகம் கலந்த எதையாவது கொறித்திருக்கலாம். பழைய பெயின்ட், மட்டமான துத்தநாகப் பூச்சுள்ள கம்பிகள், சில பொம்மைகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. எலி மருந்துகளில் பல, ரத்தம் உறைவதையே தடுப்பவை. ஒட்டாத பூச்சுள்ள (நான்-ஸ்டிக்) பாத்திரம் அடுப்பில் வெறுமனே காய்ந்து அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை, பறவையின் நுரையீரலில் ரத்தம் கசியச் செய்து நிமிடக் கணக்கில் கொல்லும். கான்யூர் கிளிகளில் காயமே இல்லாமல் ரத்தம் கசியும் ஒரு கோளாறும் உண்டு.

பதறுவதற்கு முன் நேற்று என்ன தின்றது என்றும் யோசியுங்கள். பீட்ரூட்டோ சிவப்புப் பழமோ தின்ற பறவையின் எச்சம் அப்படியே சிவப்பாக வரும். உணவை மாற்றிச் சில மணி நேரத்தில் நிறம் மாறினால் பழியைப் பீட்ரூட் மேல் போடலாம். மாறவில்லை, அல்லது பறவை சோர்ந்திருக்கிறது என்றால் அந்த எச்சம் விழுந்த தாளையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். புகைப்படத்தைவிட அது அவருக்கு உதவும்.

நின்ற பிறகு

ரத்தம் நின்றதும் உடனே கம்பில் ஏற்றிவிட்டால் அது சிறகை உதறும், உறைந்தது பிய்யும். சின்னப் பெட்டியிலோ கூண்டிலோ, கம்பு எதுவும் இல்லாமல், அடியில் வெள்ளைத்துணி விரித்து, பாதி இருட்டில் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரமாவது யாரும் தொட வேண்டாம். சூடு முக்கியம்: 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், வேண்டாமென்றால் மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்கட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். தண்ணீரும் வழக்கமான தீனியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பறவைகள் நோயை மறைக்கும். அதனால் சின்ன மாற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, வாய்க்குள்ளோ பாதத்திலோ வழக்கமான நிறம் வெளுத்திருப்பது, கம்பில் நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காயம் நின்றுவிட்டது என்று இருந்துவிட முடியாது. எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் அடுத்த நாள் முழுக்கக் கண் வையுங்கள், காலையில் எடை பாருங்கள்.

எங்கள் காக்டீல் விடிந்ததும் வழக்கம்போல விசிலடித்தது. எடை இரண்டு கிராம் குறைந்திருந்தது, மூன்றாம் நாள் பழைய எடைக்கு வந்துவிட்டது. ஒடிந்த தண்டு கறுத்துக் காய்ந்து சிறகிலேயே நின்றது. அடுத்த இறகு உதிர்ப்பில் அது தானாக விழுந்தது. அதே குழியிலிருந்து புதுத் தண்டு கருநீலமாக எட்டிப் பார்த்த வாரம் முழுக்க, கூண்டருகே இரவு விளக்கோடு நானும் தூங்காமல்தான் கிடந்தேன்.